1,200 வெள்ளிக்குள் ஒரு கயாக், ஒரு தூண்டில்

கயாக்கில் உட்கார்ந்து மீன் பிடிப்பது காசு உள்ளவர்களின் விளையாட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடையில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலால் மிதித்து ஓட்டும் வசதி, மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் திரை, சாய்வு நாற்காலி என்று எல்லாம் வைத்த புதுக் கயாக் ஒன்றின் விலையில் ஓடும் நிலையில் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாம்.

ஆனால், மீனுக்கு அந்தத் திரையும் தெரியாது, நாற்காலியும் தெரியாது. மரக்கட்டைகளைக் கயிற்றால் கட்டி அதன்மேல் உட்கார்ந்து கடலுக்குப் போனவர்கள் நம் முன்னோர். 'கட்டுமரம்' என்ற சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் 'கேட்டமரான்' ஆக்கிக்கொண்டார்கள். இன்று 'மேலே உட்காரும் கயாக்' என்று விற்கிறார்களே, யோசித்துப் பார்த்தால் அது பிளாஸ்டிக்கில் செய்த கட்டுமரம்தான்.

நான் தானா ராத்தாக்காரன். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். வாரம் முழுக்க பேசுவதே தொழில் என்பதால், பேசாமல் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. வீட்டுக் கடன், காடிக் கடன், மகளின் பாலர் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக, இதற்கென்று நான் ஒதுக்க முடிந்தது 1,200 வெள்ளி. அதற்குள் முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதல் செலவு படகு அல்ல

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "மீன் வேணும்னா பாசார்ல வாங்கிக்கலாமே?" என்றார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "நீச்சல் தெரியாதவனுக்கு எதுக்குடா படகு?"

நியாயமான கேள்வி. தேயிலை மலையில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கு நீச்சல் தெரியாது. இங்குள்ள ஓடைத் தண்ணீரில் காலை வைத்தாலே உடம்பு சிலிர்க்கும். அதில் யார் நீந்தக் கற்றுக்கொடுப்பது? அதனால் முதலில் பொது நீச்சல் குளத்துக்குப் போய் வகுப்பில் சேர்ந்தேன். 50 மீட்டர் நிற்காமல் நீந்தவும், மல்லாந்து மிதக்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் கயாக் தேடத் தொடங்கினேன். அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மீனே பிடிக்காவிட்டாலும் நீச்சல் ஆயுளுக்கும் உதவும்.

ஏன் ரிங்லெட்டில் இல்லை?

"நம்ம ரிங்லெட் ஏரியிலேயே போடலாமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பார்க்க ஏரி மாதிரி இருந்தாலும் அது சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்காக 1960களில் கட்டப்பட்டது. மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்டதால் மழையில் அடித்து வரும் வண்டலும் குப்பையும் அதில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வண்டலில் கால் புதைந்தால் எடுப்பது கடினம்.

2013 அக்டோபரில் கனமழையின்போது இந்த அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பறிபோனதை மலைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரத்துக்காகக் கட்டிய இடத்தைப் பொழுதுபோக்குக்கான இடமாக நினைக்கக் கூடாது. அணைக்கு மேலேயும் கீழேயும் கயாக் வேண்டாம். எச்சரிக்கைச் சங்கு ஊதினால், கரையில் தூண்டில் போடுபவர்களும் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஆகவே நான் மலையிறங்குகிறேன். தாப்பா வழியாக இறங்கினால் கம்பார், கோப்பெங் என்று கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் இருக்கின்றன. காற்றும் அலையும் குறைவு என்பதால் பழகுவதற்கு ஏற்றவை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, லம்பக் குட்டைகளில் கரையை விட்டு இரண்டு எட்டு வைத்ததுமே ஆழம் வந்துவிடும். மணல் கரை சரியவும் செய்யும். இரண்டு, பல குட்டைகள் தனியாருக்குச் சொந்தமானவை அல்லது மீன் வளர்ப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. கேட்காமல் இறங்கக் கூடாது.

கை பழகிய பிறகு லெங்கோங் பக்கம் உள்ள ராபான் ஏரிக்குப் போகலாம். 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோ அணையின் நீர்த்தேக்கத்தைச் சேர்ந்தது அது. இன்னும் வடக்கே போனால் தெமெங்கோர். அது பரந்த ஏரி, காற்று எழுந்தால் அலையும் எழும். முதல் வருடத்தில் அங்கே தனியாகப் போக நினைக்க வேண்டாம். ரோயல் பெலும் பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். உள்நாட்டு மீன்பிடி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், புறப்படும் முன் அந்த வட்டார மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்குப் புத்தகம்

பழைய கயாக், துடுப்போடு சேர்த்து 650 வெள்ளி. உயிர்காப்பு அங்கி 120. தூண்டில் கழி, சுருள், நூல் 180. காடியின் கூரையில் கட்டும் பட்டைகளும் நுரைக் கட்டைகளும் 70. செயற்கை இரைகள், கொக்கி கழற்றும் குறடு 60. தண்ணீர் புகாத பை, விசில், கயிறு 50. மொத்தம் 1,130 வெள்ளி. மீதி 70 வெள்ளி முதல் பயணத்தின் எண்ணெய்க்கும் நாசி லெமாக்குக்கும் போனது. இது நான் வாங்கிய விலை. நீங்கள் வாங்கும் இடத்தையும் பொருளின் நிலையையும் பொறுத்து முன்பின் ஆகலாம்.

பழைய கயாக் வாங்கும்போது வண்ணத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள். தரையில் இழுத்து இழுத்து அடிமுனை தேய்ந்திருக்கிறதா, தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, இருக்கைக்குக் கீழே கீறல் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் பல வருடம் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தால், கசிவு இருந்தால் வெளியே தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

தொடங்குபவருக்கு 9 அல்லது 10 அடி நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ள கயாக் நல்லது. அகலம் கூடினால் வேகம் குறையும். ஆனால் ஆட்டமும் குறையும். அது தாங்கும் என்று போட்டிருக்கும் எடையில் 70 விழுக்காட்டைத் தாண்டாதீர்கள். 150 கிலோ என்றால் நீங்களும் சாமானும் சேர்ந்து 105 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் காற்றடிக்கும் கயாக்கை யோசிக்கலாம். மடித்துக் காடியின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். காற்றறைகள் ஒன்றுக்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கியும் மீன் முள்ளும் அதற்கு எதிரி.

சாமான் வைக்கக் கடையில் பெட்டி வாங்கத் தேவையில்லை. பழைய பால் கூடை ஒன்றில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளைக் கட்டினால் கழி நிறுத்தும் தாங்கியும் தயார். என் கூடை அம்மா காய்கறி போட்டு வைத்திருந்தது. அதற்குப் பதில் வேறு வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், உயிர்காப்பு அங்கியில் மட்டும் கூடாது. அதில் 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று எழுதியிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்து, கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு. நீச்சலில் நம்பிக்கை இல்லாதவர்கள் 100 வாங்க வேண்டும். வாங்கியதைக் கயாக்கில் கட்டி வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்த பிறகு அதை மாட்டிக்கொள்ள நேரம் கிடைக்காது.

முதல் இரண்டு பயணங்களுக்குத் தூண்டிலையே கொண்டுபோகாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுங்கள். கயாக்கைத் திருப்பிப் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து காலை உதைத்து வயிற்றை மேலே ஏற்றுங்கள். பிறகு திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்தால் பயம் போய்விடும்.

நம் ஊரில் பிற்பகல் இடி மின்னலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில் இருப்பது கார்பன் கழி என்றால் அது மின்சாரத்தைக் கடத்தும். விடியற்காலை இறங்கி, பகல் 11 மணிக்குள் கரையேறிவிடுவது என் பழக்கம். முதல் இடிச் சத்தம் கேட்டால், மீன் மாட்டியிருந்தாலும் நூலை அறுத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் குட்டைத் தண்ணீரிலும் இருக்கும்.

என்ன கிடைக்கும்?

ஆறரை அடிக் கழி, 2500 அளவுச் சுருள், 20 பவுண்டு பின்னல் நூல் ஆகியவை போதும். புல் ஓரங்களில் ரப்பர் தவளையை இழுத்தால் ஹருவான், அதாவது நம் விரால், பாய்ந்து வரும். தோமானுக்குப் பல் கூர்மை என்பதால் முனையில் தடித்த நூலோ கம்பியோ கட்டாயம் வேண்டும். தண்ணீரின் மேல் சிவப்பாகக் குஞ்சுகள் கொத்தாகத் தெரிந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விடுங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த 'ராஜா' மீன் மாட்டினால், அதைக் கொண்டுபோய் வேறு குட்டையில் விடாதீர்கள். நம் ஊர் மீன்களைத் தின்றுவிடும்.

என் முதல் நான்கு பயணங்களில் ஒரு மீனும் கிடைக்கவில்லை. ஐந்தாவதில் அரைக் கிலோ விரால். செலவை மீனால் வகுத்தால் பாசார்தான் மலிவு, அம்மா சொன்னது சரிதான். ஆனால் இப்போது சனிக்கிழமை காலைகளில் அப்பா கரையில் நாற்காலி போட்டு, கையில் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து ஓடையில் மீன் பிடித்த கதைகளை முப்பது வருடங்களில் சொல்லாதவர் இப்போது சொல்கிறார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று என் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் இன்றே கயாக் தேட வேண்டாம். இந்த வாரம் நீச்சல் வகுப்பில் பெயரைக் கொடுங்கள். அடுத்த மாதம் எங்காவது ஒரு மணி நேரம் கயாக் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். முதுகும் மனமும் ஒத்துக்கொண்டால் அங்கியை வாங்குங்கள். படகு கடைசியில் வரட்டும்.