சத்து ஊசி என்ற பெயரில் ஸ்டீராய்டு: பெற்றோர் கவனத்திற்கு



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு தாயார் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகனின் அலமாரியில் இருந்த சிறு மருந்துக் குப்பியை மேசை மீது வைத்து, "ஜிம்மிலே சத்து ஊசின்னு கொடுத்தாங்களாம், போடலாமா?" என்று கேட்டார். குப்பியில் நான்ட்ரோலோன் என்று இருந்தது. அது அனபாலிக் ஸ்டீராய்டு. விவரம் தெரியாத மற்ற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம்.

ஆண்களுக்கு இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டவை இம்மருந்துகள். சில நோய்களுக்கு மருத்துவர்கள் அளவாகக் கொடுப்பதுண்டு. உடற்கட்டுக்காகப் போடுவோர் அதைவிடப் பல மடங்கு எடுக்கிறார்கள். தசை சில வாரங்களில் பெருக்கும். தீங்கு மெல்ல வரும்.

இதயம்: இதயமும் தசைதான்; அதுவும் தடித்துப்போகும். நல்ல கொழுப்பு குறையும், கெட்ட கொழுப்பு கூடும், இரத்தம் கெட்டியாகும். 2017-இல் 26 வயதில் இறந்த அமெரிக்க வீரர் டல்லாஸ் மெக்கார்வரின் இதயம் 800 கிராமுக்கு மேல் இருந்தது. சாதாரணமாக அது 300, 350 கிராம்தான்.

ஈரல், சிறுநீரகம்: மாத்திரை வகைகளால் மஞ்சள் காமாலையும் ஈரல் கட்டியும் வரலாம். சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழுந்து டயாலிசிஸ் வரை போகலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டுவந்த ஜிம் பயிற்சியாளர் ஒருவர் 2025-இல் சென்னையில் சிறுநீரகம் பழுதாகி இறந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

பிள்ளைப்பேறு: வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் தன் சுரப்பை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். மருந்தை விட்ட பிறகும் மீள மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். நம் ஊர்களில் குழந்தை இல்லையென்றால் முதலில் மருமகளைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்; மகனையும் பரிசோதிக்க வேண்டும்.

வளரும் பிள்ளைகள்: எலும்பின் வளர்முனை முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுவிடும்.

மனம்: காரணமில்லாத கோபமும், நிறுத்தியபின் கடும் மனச்சோர்வும் வரும்.

டென்மார்க்கில் ஸ்டீராய்டு எடுத்துப் பிடிபட்ட 1,189 ஆண்களைச் சராசரி 11 ஆண்டுகள் கவனித்தார்கள். மற்றவர்களைவிட அவர்களிடையே மரணம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. 2024-இல் இது வெளியானது.

ஒரு விளக்கம்: ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. இதைப் படித்துவிட்டு அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? திடீர் எடைக்கூடல், முதுகிலும் முகத்திலும் நிறைய பரு, மார்பு வீக்கம், எரிச்சல் தெரிந்தால் பக்குவமாகக் கேளுங்கள். அடித்தால் மறைப்பார்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எடுத்த மருந்தை மறைக்காமல் சொல்லி, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஈரல், கிரியேட்டினின், கொழுப்புப் பரிசோதனைகள் செய்யுங்கள். நெடுநாள் எடுத்தவர் டாக்டர் ஆலோசனையோடுதான் நிறுத்த வேண்டும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. சோதனையும் அவசியம். டாக்டர் சீட்டு இல்லாமல் இம்மருந்தை விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சி நல்லது, அதை நாம் தடுக்கவில்லை. முட்டை, மீன், பருப்பு, கடலை, போதிய தூக்கம், பொறுமை இவை போதும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம்.

அந்தத் தாயாரின் மகன் இரண்டு ஊசிதான் போட்டிருந்தார். பரிசோதனையில் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்போதும் ஜிம்முக்குப் போகிறார், ஊசி இல்லாமல்.