வயிறு வலிக்குது என்று சொல்லும் பிள்ளை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சீருடை போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் அம்மா எங்களைக் கண்டதும் பொரிந்து தள்ளினார்.

“கேளுங்கண்ணே, நாலு நாளா வயிறு வலிக்குன்னு பள்ளிக்கொடத்துக்குப் போவமாட்டேங்கான். ஆஸ்பத்திரில காட்டுனா ஒண்ணுமில்லன்னு சொல்லுதாவ. நேத்து ரெண்டு அடியும் போட்டுட்டேன்.”

அவனோ தலை நிமிரவில்லை. உண்மையான காரணம் வெளியே வர இரண்டு நாள் ஆனது. ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு ஒரே பேருந்து. அதில் மூன்று மாணவர்களின் பைகளை இவன் மடியில் சுமக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் எழுந்து கொடுக்க வேண்டும். வீட்டுப்பாடத்தை அவர்கள் நோட்டிலும் எழுதித் தர வேண்டும். ஒருநாள் முடியாது என்றான். அன்று முதல் அவன் பெயர் போய், சாதிப் பெயர் வந்துவிட்டது. பேருந்திலும் அதுதான், வகுப்பிலும் அதுதான்.

“அம்மாட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டோம். “சொன்னா அம்மா அவங்க தெருவுல போயிச் சண்டை போடும். அப்புறம் அம்மாவைத்தான் ஏசுவாங்க” என்றான். பதினைந்து வயதுப் பிள்ளை அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத் தன் வயிற்றில் வலியை வைத்துக்கொண்டிருந்தது.

நம் தெருக்களில் படிப்பை நிறுத்திய பையன்களைப் பற்றிப் பேசும்போது, ‘படிப்பு ஏறவில்லை’, ‘சேர்க்கை சரியில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் எத்தனை பேர் இப்படி வயிறு வலிக்குது என்று சொல்லிப் பார்த்தவர்கள்? நாம் கேட்டிருக்கிறோமா?

நாங்குநேரியை நாம் மறக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தலித் மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அந்த மாணவரும் அதற்கு முன் சில நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர்தான். காரணத்தைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பிள்ளையைப் பேசவைத்தால் மட்டும் போதாது. பேசிய பிறகு அவனைத் தனியே விடக் கூடாது. சொன்னதால் ஆபத்து வரும் என்றால் அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, மாணவர்களை அகரவரிசையில் அமரவைக்க வேண்டும், ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிறு கூடாது என்று 2019லேயே ஒரு சுற்றறிக்கை வந்தது. நடைமுறைக்கு வராமலே அது அடங்கிப்போனது. அறிக்கைகள் நடக்கும் என்று காத்திருக்கும் நேரத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்வியாண்டு போய்விடும். ஆகவே, பெரியவர்கள் இன்றே செய்யக்கூடியதைப் பேசுவோம்.

முதலாவது, பிள்ளை சொல்லும்போது ‘நீ என்ன செஞ்ச?’ என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவன் வாய் மூடிக்கொள்ளும். அடிக்கவும் வேண்டாம். திடீரென்று பள்ளியை வெறுப்பது, வேறு பேருந்தில் போகிறேன் என்பது, நோட்டு தொலைந்தது என்பது, கைபேசியைப் பார்த்ததும் முகம் மாறுவது, எல்லாமே சொல்லாத சொற்கள்தான்.

இரண்டாவது, தனியாகப் பள்ளிக்குப் போகாதீர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஒற்றை ஆளாகப் போய் நிற்கும் தாயிடம், ‘பசங்க விளையாட்டும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். நாங்கள் அந்த அம்மாவோடு நான்கு பேர் போயிருந்தோம். புகாரை எழுதியே கொண்டுபோனோம். தேதியோடு நகலில் கையெழுத்துக் கேட்டோம். பேச்சின் தொனி அங்கேயே மாறியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அந்த நாற்காலிகளில் நம் தெருப் பெண்களும் உட்கார வேண்டும்.

மூன்றாவது, பள்ளி அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். கல்வி உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566 ஆகிய எண்களைப் படிப்பகச் சுவரில் எழுதி வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் துணையைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடப் போவது யாரோ செய்யும் தயவு அல்ல, சட்டம் ஏற்றுக்கொண்ட வழி.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பையன்களும் வண்ணக் கயிறு கட்டுகிறார்கள். பாட்டுப் போட்டுக் ‘கெத்து’ வீடியோ எடுத்துக் கைபேசியில் போடுகிறார்கள். பதிலுக்குப் பதில் என்று சில அண்ணன்மார் தூண்டியும் விடுகிறார்கள். வழக்கு வரும் நாளில் அந்த அண்ணன்மார் நீதிமன்ற வாசலுக்கு வருவதில்லை. அலைவது தாய்தான். பிள்ளைக்குத் துணிச்சல் கொடுப்பதும் அரிவாள் கொடுப்பதும் ஒன்றல்ல. அடித்தவனும் பதினாறு வயதுப் பிள்ளைதான், அவன் கையில் சாதியைக் கொடுத்தது வீட்டுப் பெரியவர்கள்தான் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அம்பேத்கரை நாம் சட்டமேதையாகவே கொண்டாடுகிறோம். சதாராவில் பள்ளியில் உட்கார வீட்டிலிருந்து சாக்குத் துணி கொண்டுபோன சிறுவனும் அவர்தான். அந்தச் சிறுவனைத் தாங்கிப் பிடித்தவர் தந்தை ராம்ஜி. மும்பையில் ஒற்றை அறை வீட்டில் மகனை முன்னிரவிலேயே தூங்கவைத்துவிட்டு, தான் விழித்திருந்து, அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்த பிறகே அவர் படுத்தார். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது மணமாகிப் போன மகள்களிடம் கடன் கேட்டார். 1907இல் மெட்ரிக் தேறியபோது புத்தர் வரலாற்றைப் பரிசளித்து, பின்னர் பரோடா மன்னரின் உதவி கிடைக்கத் துணைநின்றவர் வேற்றுச் சாதி ஆசிரியரான கேளுஸ்கர். அப்படிச் சிலர் கூட நின்றதால்தான் நமக்கு அம்பேத்கர் கிடைத்தார்.

எங்கள் மாணவன் விஷயத்தில் புகாருக்குப் பிறகு மூன்று மாணவர்களின் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். இரண்டு வாரம் எங்களில் ஒருவர் முறை வைத்துப் பேருந்தில் கூடப் போனோம். பிறகு அந்தப் பேருந்தின் நடத்துநரே, “நீங்க போங்க சார், நான் பாத்துக்கிடுதேன்” என்று தன் இருக்கைக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்துக்கொண்டார். அவர் என்ன சாதி என்று நாங்கள் கேட்கவில்லை. வசவு முழுவதுமாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் வந்து சொல்கிறான். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான்.

நாளைக் காலையில் உங்கள் தெருவில் ஒரு பிள்ளை சீருடை போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கலாம். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. பக்கத்தில் போய் உட்காருங்கள். அவன் பேசும்வரை எழுந்திருக்காதீர்கள்.