விரிவுரை முடிந்த பின்னர்: பல்கலைக்கழகத்தில் ஓய்வுநேரம்

நாம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் "ஸ்கூல்" என்ற சொல், "ஸ்கோலே" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. பிழைப்புக்கான வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தில் கற்றதனால், அந்த நேரத்தின் பெயரே கற்கும் இடத்துக்கும் ஆயிற்று.

ஆனால் எமது வீடுகளில் படிப்பும் ஓய்வும் பகையாளிகள். உயர்தர வகுப்புக்கு வந்ததும் வலைப்பந்தாட்டம், நாடகம், விவாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல பெற்றோர் சொல்கிறார்கள். என் வீட்டிலும் இப்போது அந்தப் பேச்சுத்தான். ஆகவே, எங்களை அனுப்பிவைக்க அவர்கள் ஆசைப்படும் பல்கலைக்கழகம் ஓய்வுநேரத்தை எப்படி மதித்தது என்று தேடிப் பார்த்தேன்.

1921 இல் கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. ஒரு செல்வந்தரின் வளவு "கொலிஜ் ஹவுஸ்" எனப் பெயர் மாறி அதன் இருப்பிடமாயிற்று. அங்கே விரிவுரைகள் முடிந்த பின் மாணவர் சங்கங்கள் விழித்துக்கொண்டன. தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, மாணவர்கள் நடிப்பதற்காகப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதினார். அவற்றுள் நான்கு, 1940 இல் "நானாடகம்" என்ற நூலாக வந்தன.

1942 ஜூலை 1 ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் விடுதியில் ஒன்றாக வாழ்வதும் கல்வியின் பகுதியே என்று கருதினார். 1952 இல் கலைப்பிரிவு பேராதனைக்குச் சென்றபோது விடுதிகளும் விளையாட்டும் திறந்தவெளி அரங்கும் அந்த வாழ்வில் இடம்பிடித்தன.

அங்கே 1960களில் கணபதிப்பிள்ளையின் மாணவரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமங்களில் ஆடப்பட்டுவந்த கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்பன மாணவர்களாலேயே ஆடப்பட்டன. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார். ஒரு தலைமுறை மாலையில் ஆடியது, அடுத்த தலைமுறைக்குக் காலையில் பாடமாயிற்று!

விளையாட்டின் கதையும் இதுவே. 1920 இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டைக் கற்பிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அது நிலைநாட்டியது. இன்று எமது பல்கலைக்கழகங்களில் மாணவர் விளையாட்டை உடற்கல்விப் பிரிவுகள் கவனிக்கின்றன. சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலோ விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்பாகவே உள்ளன.

எம்மவர் பலர் குடியேறியுள்ள கனடா இன்னும் ஒரு படி சென்றது. அங்கே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1968 முதல் பொழுதுபோக்குக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. பூங்காக்களை எப்படி நிர்வகிப்பது, முதியோரும் நோயாளரும் பொழுதை எப்படிப் பயனுறக் கழிப்பது என்பன இத்தகைய துறைகள் ஆராய்பவை. யாருக்கு ஓய்வு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதும் அவற்றின் முக்கிய கேள்வி.

அந்தக் கேள்வியை எமது வீட்டுக்குள்ளும் கேட்கலாம். தம்பி மாலையில் பந்துடன் வெளியே போகிறான். நானோ பிரத்தியேக வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. உம்மாவுக்கு ஓய்வு என்பது எல்லோரும் உறங்கிய பின்னர்தான். பெண்களின் ஓய்வு யாரும் திட்டமிடாமல் விட்ட நேரம். அதனாலேயே அது முதலில் பறிபோகிறது.

அன்பான பெற்றோரே, பரீட்சை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கிழமையில் இரண்டு நாட்கள், ஒரு மணித்தியாலம். அதையும் நேரசூசியில் எழுதிவிடுங்கள். வீட்டு வேலையைப் பங்கிட்டு, உம்மாவுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். சகோதரிகளே, கிடைக்கும் அந்த நேரத்தைக் கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிடாமல் மைதானத்திலும் மேடையிலும் நூலகத்திலும் செலவிடுவோம். பல்கலைக்கழகம் தன் மாணவருக்குத் திட்டமிட்டுக் கொடுத்ததை, அங்கே போக விரும்பும் நாம் இப்போதே பழகிக்கொள்வது நல்லதல்லவா?