உங்களுக்குத் தெரியுமா? கருவை அழிக்காமலே பெற்ற ஸ்டெம் செல்

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்ஸன், செயற்கைக் கருத்தரிப்புக்கென உண்டாக்கப்பட்டுப் பயன்படாமல் எஞ்சிய மனிதக் கருக்களிலிருந்து, சரீரத்தின் எந்தவகை அணுவாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டியபோது, தீராத வியாதிகளுக்குச் சிகிச்சை பிறக்கும் என்ற நம்பிக்கையும், சில நாளே ஆன கருவை அழிப்பது ஜீவஹத்தி ஆகாதா என்ற தர்ம விசாரமும் ஒருசேர எழுந்தன.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனாகாவோ, நண்பரின் கருத்தரிப்பு நிலையத்தில் மைக்ராஸ்கோப்பின் வழியே ஒரு கருவைக் கண்டு, அதற்கும் தம் பெண்மக்களுக்கும் எத்துணை அற்ப பேதம் என்று உணர்ந்து, வேறு மார்க்கம் தேடலானார். 2006-இல் அவரும் அவருடைய சகாவான தகாஹாஷியும், சுண்டெலியின் வால்நுனியிலிருந்து எடுத்த திசு அணுக்களில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, அவற்றைக் கருவின் ஸ்டெம் செல்களுக்கு நிகராக்கினர். மறு ஆண்டே அது மனித அணுக்களிலும் கைகூடியது. 2012-இல் யாமனாகாவுக்கு நோபல் பரிசும் கிட்டியது.

2014-இல் கோபே நகரில், எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவரின் தோலணுக்களிலிருந்தே இம்முறையில் உண்டாக்கிய விழித்திரைத் திசுவை அவர் கண்ணிலேயே பொருத்தினார்கள். ஆயினும் அந்நான்கு மரபணுக்களுள் ஒன்று புற்றுநோயைத் தூண்டவல்லதாகையால், கருவைக் குறித்த விவாதம் ஒருவாறு தணிந்தபின்னும் நோயாளியின் க்ஷேமத்தைக் குறித்த விசாரம் நீடிக்கவே செய்கிறது.