இடைவேளை போக எத்தனை மணி?

தில்லியில் வாழும் தமிழர் பையும் கையுமாக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் செல்வது வழக்கமாகிவிட்ட ஒன்று. முருங்கைக்காய், வாழையிலை, மீன் என ஊர்ச் சமையலுக்கு வேண்டியவற்றை அங்கே தேடி வாங்குகிறோம். தராசுக்கு அப்பால் நிற்பவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மணிக்கு ஊதியம் சேரவேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுள் நம்மவரும் இருக்கக்கூடும்.

1954-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தில்லிக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் இரண்டு அளவுகளை வேறு வேறாக வைத்தது. கடைக்கு வந்தது முதல் வீடு திரும்பும் வரை உள்ள மொத்தப் பொழுது ஒன்று. அது கடைகளில் 12 மணியைத் தாண்டலாகாது. மற்றொன்று வேலை நேரம். ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரமே வேலை நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் விட்ட இடைவேளை அதில் சேராது. இவ்வேலை நேரத்திற்கு நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது அச்சட்டம் இட்ட வரம்பு. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவருக்கு அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும். சென்னை மாகாணத்தின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கடை ஊழியருக்கு 4 மணி வேலைக்குப்பின் ஒரு மணி ஓய்வு விதித்தது. ஊர்க் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர இயலாது. பின்னாளில் வரம்புகள் திருத்தப்பட்டிருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். கழிக்கும் முறை மாறுவதில்லை.

ஓர் ஊழியர் காலை 9 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குச் செல்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 11 மணி. பகலுணவுக்கு 2 முதல் 3 வரை, மாலைத் தேநீருக்கு 15 நிமிடம். இவை போக எஞ்சுவது 9 மணி 45 நிமிடம்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். இதனை 9.45 என்று எழுதிக் கைப்பேசியில் பெருக்குகிறார்கள். மணிக்கு நிமிடம் 60, நூறு அன்று. 45 நிமிடம் முக்கால் மணி ஆதலின் 9.75 என்றே எழுதவேண்டும். ஆறு நாளுக்கு 9.45 என்றால் 56.70 மணி; உண்மையோ 58.50 மணி. ஒரு மணி 48 நிமிட உழைப்பு ஒரு புள்ளியில் மறைந்துவிடுகிறது!

இனி ஊதியம். நாட்கூலி 720 ரூபாய் என்க. மிகைநேர ஊதியத்திற்கு ஒரு நாளை 8 மணியாகக் கொள்ளவேண்டும் என்று அச்சட்டமே விளக்கியது. எனவே மணிக்கு 90 ரூபாய். மிகைநேரத்திற்கு இரட்டிப்பாக 180 ரூபாய். நாள் வரம்பை மட்டும் பார்த்தால் மிகைநேரம் நாளுக்கு முக்கால் மணி, வாரத்திற்கு 4.5 மணி. வார வரம்பான 48-ஐக் கழித்தாலோ 10.5 மணி. வாரக் கணக்கையும் போட்டுப் பாராதவர் 6 மணிக்குரிய 1,080 ரூபாயை இழப்பார். சரக்குக் கணக்கெடுப்பு போன்ற வேலைகளின்பொருட்டு வாரம் 54 மணி வரை போகவே சட்டம் இடங்கொடுத்தது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் உள்ள 58.5 மணி, பணம் கொடுத்தாலும் முறையாகாது.

பெரிய சிக்கல் கூட்டல் கழித்தலில் இல்லை; எது இடைவேளை என்பதில் இருக்கிறது. உணவுக்கு அமர்ந்தவரை இரண்டரை மணிக்கே மீன் பெட்டி இறக்க அழைத்துவிட்டால், அவர் ஓய்ந்திருந்தது அரை மணிதான். ஏட்டில் ஒரு மணி என்று எழுதியிருப்பதால் ஒரு மணியைக் கழித்தல் தகாது. கல்லாவைக் காத்துக்கொண்டே உண்பதும் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருத்தலே அன்றோ?

வந்த நேரம், உண்ண எழுந்த நேரம், திரும்பிய நேரம், போன நேரம் ஆகியவற்றை அன்றன்றே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தேநீருக்கு எழுந்ததையும் விடவேண்டாம். மேற்சொன்ன மீன் பெட்டி அரை மணிக்கு விலை 90 ரூபாய்; ஆறு நாளும் அவ்வாறே நேர்ந்தால் 540 ரூபாய்.