பாரிஸ் வழியாக வந்த எட்டு மணி நேரம்

தேங்காய்த்திட்டிலிருந்து மரப்பாலம் வந்து, கடலூர் சாலையில் வடக்கே திரும்பினால் ரோடியர் மில். 1898-இல் தொடங்கிய இந்த ஆலை, ஏ.எஃப்.டி. என்ற பெயரோடு 2020-இல் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலையை ஆசியாவிலேயே முதலில் வென்றவர்கள் எங்கள் மில் தொழிலாளர்கள் என்று புதுச்சேரியில் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் பக்கத்திலேயே உண்டு. 1937-இல் இவர்கள் அதைப் பெற்றபோது, பிரிட்டிஷ் இந்தியாவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலையை அனுமதித்தது.

ஏன் இங்கே? ஏன் அப்போது?

வயிறு காய்ந்தால் ஜனம் கொதித்தெழும் என்று நாம் நம்புகிறோம். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ஆட்சி ஆட்டம் காணவில்லை. துன்பத்தின் அளவுக்கும் எதிர்ப்பின் அளவுக்கும் நேரான உறவில்லை என்பது சமூகவியல் கண்டுகொண்ட வியப்பான உண்மைகளில் ஒன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை ஆராய்ந்து 1982-இல் நூல் எழுதிய டக் மெக்ஆடம், மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும் என்றார்: மேலே அதிகாரத்தில் ஒரு விரிசல், கீழே ஓர் அமைப்பு, ‘இதை மாற்ற முடியும்’ என்ற நம்பிக்கை.

புதுச்சேரியில் அந்த விரிசல் வெகுநாளாகவே இருந்தது. பிரெஞ்சுக் காலனியாக இருந்த இதை ஆண்டது சமத்துவம் பேசிய பாரிஸ். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று பிரிந்த ஊர். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலில் ஷூ அணிந்து நீதிமன்றம் போனார்; தண்டிக்கப்பட்டார். பாரிஸில் மேல்முறையீடு செய்து வென்றார். 1881-இல் வந்த ஆணைப்படி, தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர் பிரெஞ்சுக்காரருக்குச் சமமாகலாம். பலர் அப்படித் துறந்தார்கள். ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியர், துறந்தவர், மற்றவர். தனித்தனியாக ஏணி ஏறியவர்களுக்கு நடுவில் ஒரு புதுப்படி போட்டார்கள். ஏணி அப்படியே இருந்தது. பொன்னுத்தம்பியின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. தனி ஒருவர் மேலேறுவதும் அடுக்கையே அசைப்பதும் வேறு வேறு வேலைகள்.

இரண்டாவது வேலைக்கு ஆலை வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே வாசலில் நுழைந்து, ஒரே கூலிக் குறைப்பைச் சந்திக்கிறார்கள். முதலாளி லாபத்துக்காகக் கூட்டிய கூட்டம் அது. அதுவே அமைப்புக்குப் பாதிக் கட்டுமானம். மீதியைத் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் கட்டினார்கள். 1934-இல் ‘சுதந்திரம்’ இதழ் வந்தது, 1935-இல் புதுச்சேரியின் இன்னொரு ஆலையான சவானா மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது.

1936 ஜூனில் பாரிஸில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. அங்கே தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேரம் என்று சட்டம் வந்தது. அதே கொடி பறந்த ஊரில் இவர்களும் உரிமை கேட்டார்கள். ஜூலை 30 அன்று அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். தொழிலாளர்களின் பெயரால் ஆண்ட ஓர் அரசின் கீழ் தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். அதை பாரிஸால் விழுங்க முடியவில்லை. சுப்பையா பிரான்சுக்கே போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் ஆணையாக வந்தன. மற்ற பிரெஞ்சுக் காலனிகளிலும் பசி இருந்தது, பிரெஞ்சு அரசும் இருந்தது; ஆனால் விரிசல் அகன்ற மாதத்தில் கைகோத்துத் தயாராக நின்றவர்கள் இங்கே இருந்தார்கள்.

இன்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் இறக்குபவருக்கும் கூடையில் மீன் வாங்கி விற்கும் பெண்ணுக்கும் பொதுவான ஆலை வாசல் கிடையாது. அந்தப் பெண்ணின் வேலை நேரத்தைப் படகு வரும் நேரமும் மீன் விற்றுத் தீரும் நேரமும்தான் முடிவு செய்கின்றன. எட்டு மணி நேரம் என்று அவர் யாரிடம் கேட்பது? சமூகவியலாளர்கள் உலகமெங்கும் இப்போது மல்லுக்கட்டும் கேள்வி இதுதான்.