லாரி நமக்கு... லோடு யாருக்கு?

"மாமா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. வண்டி தானா ஓடும்!"

செய்யூர் டீக்கடையில் என் மைத்துனன் இப்படிச் சொன்னபோது, வாய்க்குப் போன மசால் வடை பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரகடத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவே ஒன்பது வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவன். இப்போது சொந்தமாக வாங்கி, ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் 'அட்டாச்' பண்ணிவிடப் போகிறானாம். லோடு அவர்கள் தருவார்கள், வண்டி நம்முடையது. எனக்கு வேலை ஜாமீன் கையெழுத்து. கூடவே வீட்டு மனைப் பத்திரம். இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்!

அவன் பக்கமும் நியாயம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அந்த அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.ஸி. கட்டாயம். (என் ஆபீஸில் ஃபேனே சுற்றுவதில்லை என்பது வேறு கதை.)

நான் செங்கல்பட்டில் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த ஒரே வண்டி, பேனா. ஓட்டிப் பார்த்தேன்.

கடன் 30 லட்சம், வட்டி 11 சதவிகிதம், 5 வருஷம் என்று வைத்தால், மாத டியூ 65,227 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 9 லட்சத்துக்கு மேல். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்றால், மாதம் 6,000 கி.மீ. ஓட 1,714 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் தாண்டும். வண்டிக்கு 18 டயர். ஒன்று 20 ஆயிரம் என்றால், ஒரு செட் மாற்ற 3,60,000. இதற்கு மேல் டோல், பேட்டா, இன்ஷூரன்ஸ், எஃப்.சி...

"வாடகை வருமே மாமா?"

"எப்போ வரும்?"

பையன் தலையைச் சொறிந்தான். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். டியூவுக்குத் தேதி உண்டு, வாடகைக்கு இல்லை. பில் பாஸாக 60 நாள் ஆனால், டீசலும் டியூவும் மட்டும் இரண்டு மாதத்துக்கு நாலரை லட்சம் நாம் முடக்க வேண்டும். 'உத்யம்' பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. சரி, லோடு தருகிறவரிடமே போய்ச் சட்டம் பேசினால் அடுத்த லோடு யாருக்குப் போகும்?

அட்டாச் வண்டியில் ஓனர் என்ற பெயர் நமக்கு. லோடு, ரேட், தேதி மூன்றும் அடுத்தவர் கையில். பழம் தின்று கொட்டை போட்ட நாமக்கல்காரர்களுக்கே இந்தத் தலைவலி உண்டு. அங்கேயுள்ள கேஸ் டேங்கர் லாரிகள் எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடுகிறவை. புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து, 2025 மார்ச்சில் அவர்கள் வண்டியை நிறுத்திப் போராட வேண்டி வந்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றதே, அந்த ஒரே ஆலையை நம்பி ஒருவர் டியூ கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம செய்யூருக்கு 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வருகிறது, லாரிக்கெல்லாம் யோகம் என்று ஊரே பேசிய காலம் உண்டு. மின் நிலையம் இன்றுவரை வரவில்லை. வராத லோடுக்கு டியூ கட்டுவது எப்படி?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே முறுக்கு பிழிந்த அம்மா ஒரே வரியில் முடித்தாள். "உங்க தாத்தா உப்பளத்துலேர்ந்து மாட்டு வண்டியில உப்பு அடிச்சாரு. மாடு படுத்துக்கிட்டா வைக்கோல்தான் செலவு. உங்க வண்டி படுத்துக்கிட்டா?"

அதனால் மைத்துனனுக்கு நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதித் தருவார்களா? டீசல் ஏறினால் வாடகையும் ஏறுமா? (2017 ஜூன் 16 முதல் எண்ணெய் நிறுவனங்கள் தினமும் விலையைப் பரிசீலிக்கின்றன, ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு மாதம் 1,714 ரூபாய் துண்டு.) காத்துக் கிடக்கும் நாளுக்கு ஹால்டிங் உண்டா? சரக்கு சேதமானால் யார் தலையில்?

கூடவே ஒரு நிபந்தனை. மூன்று டியூ, அதாவது 1,95,681 ரூபாய், முதலில் பேங்கில் சேரட்டும். வண்டி நின்றாலும் மூன்று மாதம் மூச்சு விடலாம். மனைப் பத்திரம் பீரோவிலேயே தூங்கட்டும்.

பையனுக்கு மகா கோபம். ஒரு மாதம் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. என் மனைவி எனக்கு உப்பில்லாத சாம்பார் ஊற்றினாள், உப்பு விளைகிற ஊரில்!

போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"மாமா, தினமும் எழுதிப் பார்த்தேன். இந்த மாசம் மட்டும் 11 நாள் வண்டி நின்னிருக்கு. இத்தனை வருஷமா அதை ரெஸ்ட்னு நெனச்சுத் தூங்கியிருக்கேன்."

பேனாவை எடுத்தேன். 11 நாளைக்கு டியூ மட்டும் 23,900 ரூபாய்.

பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க என்னென்ன வேணும் மாமா?"

அன்று சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.